ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பற்சூத்தை: பால்பல்தானே என்று விடலாமா?

வாவிக்கரை அம்மா (களுவாஞ்சிக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஐந்து வயது. மேல் முன்பற்கள் நாலும் கறுத்துக் கரைந்து முரசோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இப்போது கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டிலும் குழி. இரவில் எழும்பிப் பல்லுக்கொதி என்று அழுகிறாள். "பால்பல்தானே, விழுந்து புதுப்பல் முளைக்கும், பிள்ளையை வதைக்காதே" என்கிறார் மாமி.

காலையில் ஒழுங்காகப் பல் தீட்டித்தான் பாலர் பாடசாலைக்கு அனுப்புகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை தீட்டுவதே அருமை, அதற்கு ஒன்றும் இல்லை. பரம்பரையா, கல்சியம் குறைவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீன்பாடும் ஊரான் (மட்டக்களப்பு நகர்)

தங்கச்சி, கேள்விகள் பிறகு. முதலில் பிள்ளையைக் காட்டுங்கள். நித்திரையில் எழுப்புகிற வலி என்றால் குழி நரம்புப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். போதனா வைத்தியசாலை வரைக்கும் வர வேண்டியதில்லை, உங்கள் ஊர் ஆதார வைத்தியசாலையிலேயே காட்டலாம். அரசாங்கத்தில் காசும் இல்லை. நாளைக்கே போங்கள்.

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

வைத்தியம் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது பூச்சிப்பல். கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் புழு வெளியே விழும், எங்கள் அப்பப்பா காலத்தில் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. வேப்பங்குச்சியும் உமிக்கரியும் போட்டுத் தீட்டிய ஆட்கள் எண்பது வயதில் கரும்பு கடித்தார்கள். பேஸ்ட் வந்த பிறகுதான் சின்னப் பிள்ளைகளுக்கும் சூத்தை வந்தது.

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர் (அக்கரைப்பற்று)

நான் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளின் வாயைப் பார்த்தே காலம் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, பல்லுக்குள் புழு இல்லை. விதை சூட்டில் வெடிக்கும்போது உள்ளே சுருண்டிருக்கும் வெள்ளை முளை வெளியே விழும், அதைத்தான் புழு என்று காட்டினார்கள். புழுக் கதை நம்முடையது மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் பலகாலம் இருந்தது. பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் 1728இலேயே அப்படி ஒரு புழுவைக் காணவில்லை என்று எழுதிவிட்டார். மறுகா, பெர்லினில் வேலை செய்த வில்லோபி மில்லர் பிடுங்கிய பற்களை எச்சிலும் பாணும் கலந்து ஊறவைத்துப் பார்த்தார். பல் கரைந்து மெத்தென்று ஆனது. இறைச்சியோடு ஊறவைத்தால் அப்படிக் கரையவில்லை. 1890இல் அவர் சொன்ன முடிவுதான் இன்றைக்கும் அடிப்படை: வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சீனியையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது.

அந்தக் கிருமிகளில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ். பல்லில் நாக்கை வைத்தால் வழுவழு என்று படுகிற படலம் இருக்கிறதே, அதற்குள்தான் குடியிருக்கிறது. சீனி கிடைத்த சில நிமிடங்களிலேயே அமிலம் சுரக்கும். வாயின் அமிலத்தை அளக்கும் pH எண் (எண் குறையக் குறைய அமிலம் கூட என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சிலிருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கழன்று வெளியேறும். பிறகு எச்சில் ஊறி அமிலத்தை முறித்து, கழன்றதை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும்.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் தாய்மார் மனதில் வைக்க வேண்டும். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லுக்குக் கேடு. ஒரு லட்டைச் சாப்பாட்டோடு தின்று முடித்தால் ஒரு தாக்குதல். அதே லட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பின்னேரம் முழுக்கத் தின்றால் எச்சிலுக்குச் சரிசெய்ய இடைவெளியே கிடையாது.

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி, ஒரு உதவி. காலையிலிருந்து நித்திரை வரைக்கும் பிள்ளையின் வாய்க்குள் என்னென்ன போகிறது, எந்த நேரத்தில் போகிறது என்று எழுதுங்கள். தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும்.

வாவிக்கரை அம்மா

எழுதுகிறேன் அக்கா. காலையில் சீனி போட்ட பால்மா. பாலர் பாடசாலைக்கு கிறீம் பிஸ்கட். வீட்டுக்கு வரும் வழியில் கடையில் டொபி. மிச்சக் காசுக்குப் பதிலாகவும் டொபிதான் தருகிறார்கள், வேண்டாம் என்று சொன்னால் முகம் மாறுகிறது. மத்தியானம் சோறு. பின்னேரம் பணிசும் இனிப்புத் தேத்தண்ணீரும். அதற்குப் பிறகு அப்பாவோடு கடற்கரைக்குப் போனால் ஐஸ்பழம். இரவு சோறு. படுக்கும்போது சூப்பிப் போத்தலில் பால், அதிலும் சீனிதான். சூப்பி இல்லாவிட்டால் நித்திரை கொள்ள மாட்டாள்.

எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்கே எண்ணிக்கை தெரிகிறது.

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

கடைசியாக எழுதியதுதான் முன்பற்களைத் தின்றது. நித்திரையில் எச்சில் மிகக் குறைவாகவே ஊறும். சூப்பியை வாயில் வைத்தபடி உறங்கும்போது சீனிப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். உங்கள் பிள்ளையின் கீழ் முன்பற்கள் நன்றாகத்தானே இருக்கும்? பாருங்கள். இந்த ஒழுங்கைப் பார்த்தாலே போத்தல் என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

ஒரேயடியாக நிறுத்தினால் வீடு முழுக்க நித்திரை இழக்கும், அது எனக்குத் தெரியும். முதல் சீனியை நிறுத்துங்கள். அப்புறம் பாலில் ஒவ்வொரு இரவும் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் போத்தலில் வெறும் தண்ணீர் மட்டும். சில நாளில் அவளே போத்தலை விட்டுவிடுவாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். தீட்டாமல் இருப்பது நல்லது என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனால் நல்ல கேள்வி. நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 1970இல் தொடங்கி ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரின் குழு 480 ஆண் தொழிலாளரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அவர்கள் பிரஷ் பேஸ்ட் ஒன்றும் பாவித்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் பல்லில் காரை, முரசு வீக்கம், பலருக்குப் பல் ஆடி விழுந்தது. ஆனால் சூத்தை ஏறத்தாழ இல்லவே இல்லை. உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிப்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளரின் வாய்க்கு அன்றைக்கு என்ன வைத்தியம் கிடைத்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது, அது வேறு கதை. பல் தீட்டாவிட்டால் முரசு போகும். சூத்தை வர வேண்டுமானால் சீனி வேண்டும்.

கல்சியம் பற்றி: முளைத்து முடிந்த பல்லின் மேற்பூச்சுக்குக் கல்சியம் குளிசை போய்ச் சேராது. காசை வீணாக்காதீர்கள்.

கல்முனை ராத்தா

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் வாப்பா மிஸ்வாக் மட்டும்தான் பாவிக்கிறார், ஐந்து நேரத் தொழுகைக்கு முன்னும். பல் நல்ல உறுதி. பேரப்பிள்ளைகளுக்கும் அதையே பழக்குகிறார். அது போதுமா, இல்லை பேஸ்டும் வேண்டுமா? படுவான்கரைத் தம்பி சொன்ன உமிக்கரியை நம்மூர் வயல் பக்கத்து ஆட்களும் இன்னும் பாவிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

வஅலைக்குமுஸ்ஸலாம் ராத்தா. மிஸ்வாக்கோ வேப்பங்குச்சியோ, நுனியை மென்று நார் நாராக்கித் தீட்டினால் படலத்தை எடுக்கும். வாப்பா விடவேண்டிய தேவையே இல்லை. குச்சியில் இல்லாத ஒன்று பேஸ்டில் இருக்கிறது: புளோரைட். கரைந்த பல்லுக்குக் கல்சியம் திரும்பிப் படியும்போது பக்கத்தில் புளோரைட் இருந்தால், படிகிற பகுதி முன்னையதைவிட உறுதியாக இருக்கும். சாதாரண மேற்பூச்சு 5.5 அளவில் கரையத் தொடங்கும், புளோரைட் சேர்ந்தது ஏறத்தாழ 4.5 வரைக்கும் தாங்கும். அதனால் பகலில் குச்சி, இரவில் பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

உமிக்கரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உமியில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. பல் வெள்ளையாகும், ஏனென்றால் மேற்பூச்சு அராவப்படுகிறது. முரசுக்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்து, குளிர்தண்ணீர் பட்டால் சுள்ளென்று ஏறுகிற பற்களோடு வந்த பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படுவான்கரையான்

அக்கா, உமிக்கரி சரி, விடுகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பப்பா காலத்தில் சீனி என்பது சங்கக் கடைப் பங்கீட்டில் வந்தது. வீட்டில் இனிப்பு என்றால் தைப்பொங்கல், சித்திரை வருஷம், கோயில் திருவிழா. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பார்கள், அதுவும் வயலுக்குப் போகுமுன் ஒருதரம். இப்போது எங்கள் ஊர் மூலைக்கடையிலேயே சோடா, டொபி, ரோல் பிஸ்கட் எல்லாம் தொங்குகிறது. நீங்கள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அவர்களின் பல் வேப்பங்குச்சியால் மட்டும் நிற்கவில்லை, இனிப்பு வாய்க்கு வராததாலும் நின்றிருக்கிறது.

பனங்கட்டியும் கித்துள் பாணியும் சீனியைவிட நல்லது என்கிறார்களே, பல்லுக்கும் அப்படியா?

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

தம்பி, கிருமிக்கு எல்லாம் இனிப்புத்தான். தேனும் அப்படித்தான். பனங்கட்டியைக் கன்னத்தில் அடக்கிவைத்துக் குடிக்கிற பழக்கம் இன்னும் மோசம், நெடுநேரம் கரைந்துகொண்டே இருக்கும். நம் எருமைத்தயிர் பல்லுக்கு ஒன்றும் செய்யாது. பாணி ஊற்றிச் சாப்பிட ஆசை என்றால் மத்தியானச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடட்டும், தனியாகப் பின்னேரம் வேண்டாம்.

ஒட்டுகிற இனிப்பைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1940களில் சுவீடனில் விபெஹோல்ம் என்ற மனநல வைத்தியசாலையில், தங்களுக்காகப் பேச முடியாத நோயாளிகளுக்குப் பல் பழுதாகட்டும் என்றே ஒட்டும் டொபி கொடுத்துப் பார்த்தார்கள். செய்யக்கூடாத காரியம். ஆனால் அதில் தெரிந்தது உண்மை: உணவோடு உண்ட சீனியால் சூத்தை அவ்வளவாகக் கூடவில்லை, இடையிடையே தின்ற டொபியால் மளமளவென்று கூடியது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, ஒருவர் ஒரு நாளில் பெறும் சக்தியில் பத்து வீதத்துக்குக் கீழே சீனி, முடிந்தால் ஐந்து வீதத்துக்குக் கீழே. பெரியவருக்கு அந்த ஐந்து வீதம் ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. பிள்ளைக்கு இன்னும் குறைவு. சோடாப் போத்தலில் வண்ணப் பொட்டு இருக்கிறதே, 2016இல் நம் நாட்டில் வந்தது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. அதைப் பார்த்து வாங்குங்கள்.

மத்தியமுகாம் வாசி

புளோரைட் நல்லது என்கிறீர்கள். எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தபோது புளோரைட் கூட என்று வந்தது. பிள்ளைகளின் முன்பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கோடும். பாடசாலையில் கேலி செய்கிறார்கள், மூத்தவள் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். இதற்கு மேல் பேஸ்டிலும் புளோரைட் என்றால் பிள்ளைகளை என்ன செய்வது? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

உங்கள் கோபம் நியாயமானது. உலர் வலயத்தில் பல இடங்களில், அநுராதபுரம், பொலன்னறுவை, நம் அம்பாறை மாவட்டத்தின் சில பகுதிகளிலும், பாறை கரைந்து நிலத்தடி நீரில் புளோரைட் கூடிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்கிறது. வெயிலில் நாம் கூடத் தண்ணீர் குடிக்கிறோம் என்பதால் இலங்கைத் தரம் 1.0 என்று வைத்திருக்கிறது.

அந்தக் கறை பல் முரசுக்குள் உருவாகும் வயதில் விழுவது, ஏறத்தாழ எட்டு வயது வரைக்கும். வெளியே வந்த பல்லில் புதிதாக விழாது. கறை எடுக்கப் பல் வைத்தியரிடம் வழி இருக்கிறது, மூத்தவளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை வளரக் கூடாது.

நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது குடிக்கிற தண்ணீரை. கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குழாய் நீர் விநியோகம் இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் மழைநீரையோ புளோரைட் அகற்றும் வடிகட்டியில் வடித்த நீரையோ சின்னப் பிள்ளைகளுக்காவது ஒதுக்குங்கள். வீட்டுக் கிணறு மாறினால் அளவும் மாறும், பக்கத்து வீட்டு முடிவை வைத்து உங்களுடையதைச் சொல்ல முடியாது.

பேஸ்டை நிறுத்தாதீர்கள். அது பல்லின் மேல்பட்டு வேலை செய்கிறது, விழுங்கினால்தான் கறைக்குக் காரணமாகும். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசியளவு, மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு பட்டாணியளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெட்டியில் புளோரைட் அளவு 1000 பி.பி.எம். (ppm) அல்லது அதற்குமேல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். தீட்டிய பிறகு நுரையைத் துப்பச் சொல்லுங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க விடாதீர்கள். கொப்பளித்தால் புளோரைட்டும் சேர்ந்து போய்விடும்.

மீன்பாடும் ஊரான்

இந்தக் கொப்பளிக்கிற விஷயம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதை எல்லாத் தாய்மாரும் அறிய வேண்டும். விலை ஏறிய பிறகு பேஸ்டைச் சேமிக்க வேண்டுமே என்று இரவில் தீட்டாமல் விடுகிற வீடுகள் உண்டு. பட்டாணியளவு போதும் என்றால் ஒரு குழாய் எத்தனை நாள் போகும்!

கல்முனை ராத்தா

என் தங்கச்சி இப்போது ஐந்து மாதம். பிள்ளை வயிற்றில் இருந்தால் பல்லில் கை வைக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல் போகும் என்றும் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை எடுப்பதில்லை. சத்தி எடுக்கும்போது அமிலம் படுவதாலும், அடிக்கடி தின்பதாலும், முரசு வீங்கி இரத்தம் வருகிறது என்று தீட்டாமல் விடுவதாலும்தான் பல் கெடுகிறது. சத்தி எடுத்த உடனே தீட்ட வேண்டாம், தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தீட்டட்டும். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பல் வைத்தியம் செய்ய மிக வசதியான காலம். தங்கச்சியை இந்தக் கிழமையே அனுப்புங்கள். கிளினிக் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் பல் வைத்தியரிடம் அனுப்பிவைப்பார்.

வாவிக்கரை அம்மா

நேற்றுக் காட்டிவிட்டு வந்தோம். வைத்தியர் நல்ல பொறுமைசாலி, மகள் அழவே இல்லை. கடைவாய்ப் பல் ஒன்றை அடைக்கலாம், மற்றதைப் பிடுங்க வேண்டும் என்றார். முன்பற்களில் சூத்தை மேலே பரவாமல் ஒரு மருந்து பூசலாம், ஆனால் பூசிய இடம் கறுப்பாகவே நிற்கும் என்றார். மாமிக்கு அதுதான் கவலை.

அப்புறம், எதிரேயிருந்த பெரியம்மா ஒருவர் பல்லுக்கொதிக்கு அஸ்பிரின் குளிசையை முரசில் வைக்கலாம் என்றார். நான் கராம்பு எண்ணெய்தான் வைத்தேன்.

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

நல்ல செய்தி. அவர் சொன்ன மருந்து சில்வர் டயமின் புளோரைட். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. துளை போடாமலே சூத்தையை நிறுத்தும். கறுப்பு நிற்கும்தான், ஆனால் அவை பால்பற்கள், விழும்வரை வலியில்லாமல் சோறு மெல்லட்டும். மாமிக்குச் சொல்லுங்கள், முன்பல் விழ ஆறேழு வயதாகும் என்றாலும் கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் இருக்க வேண்டியது. அது நேரத்தோடு போனால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து இடத்தைப் பிடித்துவிடும், கீழேயிருந்து வரும் புதுப்பல்லுக்கு வழியில்லாமல் கோணலாக முளைக்கும். பிடுங்கும் பல்லின் இடத்தைக் காக்க ஏதாவது பொருத்த வேண்டுமா என்று அடுத்த முறை கேளுங்கள்.

அஸ்பிரினை முரசில் வைத்தால் முரசு வெந்துவிடும், பிள்ளைகளுக்கு அந்தக் குளிசையே கொடுக்கக் கூடாது. கராம்பு எண்ணெய் பஞ்சில் ஒரு துளி, பல்லில் மட்டும், கொஞ்ச நேர ஆறுதலுக்கு. கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே வைத்தியசாலை. சீழ் தொண்டைப் பக்கம் இறங்கினால் மூச்சையே அடைக்கும்.

வாவிக்கரை அம்மா

சரி அக்கா. ஒன்று மட்டும் விளங்கவில்லை. கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் முரசைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. பல் ஒன்றும் விழவில்லையே, அதுவும் பால்பல்தானா?

ஓய்வுபெற்ற பல் சிகிச்சையாளர்

இல்லை தங்கச்சி, அது நிரந்தரப் பல். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலே எல்லாவற்றுக்கும் பின்னால் முளைக்கும், அதனால்தான் பல பெற்றோர் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் பிடுங்க வந்த பற்களில் நான் கூடுதலாகப் பார்த்தது இதைத்தான். மேலே ஆழமான கோடுகள் இருக்கும், பிரஷின் நார் உள்ளே இறங்காது. முழுதாக முளைத்ததும் அந்தக் கோடுகளை மூடிப் பூசிவிடலாம், வைத்தியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

அதுவரை, மற்றப் பற்களைவிட அது பதிந்து நிற்பதால் நேராகத் தீட்டினால் பிரஷ் அதற்கு மேலாகப் போய்விடும். பிள்ளையை மடியில் சாய்த்து, வாயைப் பாதி மூடச் சொல்லி, கன்னப் பக்கமாக பிரஷைக் குறுக்கே நுழைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் தீட்டுங்கள். இரவில் கட்டாயம். எட்டு வயது வரைக்கும் நீங்களேதான் தீட்டிவிட வேண்டும், அவள் கையில் பிரஷைக் கொடுத்தாலும் கடைசியில் ஒருமுறை நீங்கள்.